களம், காணி, காலம்: செங்கற்பட்டு வட்டாரத்தில் நல்வாழ்வு என்னும் கருத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

நல்வாழ்வு எது என்னும் வினா மெய்யியல் நூல்களில் பேசப்படுவது போலவே உழைப்போரின் கோரிக்கைகளிலும் பேசப்பட்டு வந்துள்ளது. சிங்கப்பெருமாள் கோவில் முதல் ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் வரை நீளும் இன்றைய தொழில் வழித்தடம் பழைய செங்கற்பட்டுச் சீமையின் ஒரு பகுதியாகும். இவ்வட்டாரத்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் களத்து நெல்லின் பங்காகவும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலமும் மனையுமாகவும், ஆலைத்தொழில் வந்தபின் வேலைநேர வரம்பாகவும் நல்வாழ்வுக்கான கோரிக்கை உருமாறி வந்ததை இக்கட்டுரை ஆராய்கிறது. கூலி உயர்வு மட்டும் நல்வாழ்வைத் தந்துவிடாது. தன் நாளின் மீதும் தன் ஆயுளின் மீதும் உழைப்பவருக்கு உள்ள உரிமையே அதனைத் தீர்மானிக்கிறது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: நல்வாழ்வு, செங்கற்பட்டு, காணியாட்சி, படியாள், பஞ்சமி நிலம், வேலைநேரம், ஒரகடம், சிங்கப்பெருமாள் கோவில்.

முன்னுரை

சென்னையிலிருந்து செங்கற்பட்டு செல்லும் பெருஞ்சாலையும் இருப்புப்பாதையும் அடுத்தடுத்து ஓடும் இடத்தில் அமைந்த ஊர் சிங்கப்பெருமாள் கோவில். ஊருக்குப் பெயர் தந்த பாடலாத்ரி நரசிம்மர் கோயில் பல்லவர் காலக் குடைவரையை மையமாகக் கொண்டது. பாடலம் என்பது செந்நிறத்தையும் அத்ரி என்பது மலையையும் குறிக்கும். கருவறை குன்றோடு ஒன்றியிருப்பதால் இறைவனை வலம்வர விரும்புவோர் குன்றையே வலம்வருகின்றனர். இவ்வூரிலிருந்து வடமேற்கே பிரியும் சாலை ஒரகடத்தைக் கடந்து, இராமானுசரின் பிறப்பிடமான திருப்பெரும்புதூரை அடைகிறது. இரு வைணவத் தலங்களுக்கும் இடைப்பட்ட இந்நிலப்பகுதி ஒருகாலத்தில் ஏரிப்பாசனத்தால் நெல் விளைந்த பகுதி. இன்று மகிழுந்துகளும் கைப்பேசிகளும் அவற்றின் உதிரிபாகங்களும் உருவாகும் பகுதி.

இவ்வட்டாரத்தின் வேளாண் வரலாறும் தொழில் வளர்ச்சியும் பெரும்பாலும் தனித்தனியே ஆராயப்பட்டு வந்துள்ளன. முன்னதனை வருவாய்த்துறை ஆவணங்களின் வழியே வரலாற்றாய்வாளர்களும், பின்னதனை முதலீடு, வேலைவாய்ப்பு, கூலி ஆகியவற்றின் வழியே பொருளியலாளர்களும் அணுகினர். இங்கு வாழ்ந்தோர் எதனை நல்வாழ்வு எனக் கருதினர், அதனை அடைய எதனைக் கேட்டனர் என்னும் வினாவை முன்வைத்தால் இவ்விரு வரலாறுகளும் ஒரே தொடர்ச்சியாக அமைவதைக் காணலாம். அத்தொடர்ச்சியை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நல்வாழ்வின் கூறுகள்

தமிழ் மரபு வாழ்வின் பயனை அறம், பொருள், இன்பம், வீடு எனப் பகுத்தது. திருக்குறளின் 133 அதிகாரங்களில் அறத்துப்பால் 38, பொருட்பால் 70, காமத்துப்பால் 25 அதிகாரங்களைக் கொண்டவை. இவற்றுள் நல்வாழ்வுக்கு இன்றியமையாதனவாக அமைந்த அதிகாரங்களை நோக்கினால் ஒரு பொதுத்தன்மை புலப்படும். மக்கட்பேறு, அன்புடைமை, விருந்தோம்பல், ஒப்புரவறிதல், கேள்வி, சுற்றந்தழால், நட்பு ஆகிய ஒவ்வொன்றும் பொருளை மட்டுமன்றி நேரத்தையும் வேண்டி நிற்பது. விருந்தினரை எதிர்கொள்ளவும், குழந்தையின் பேச்சைக் கேட்கவும், கற்றோர் சொல்வதைச் செவிமடுக்கவும், உறவினரைத் தழுவி வாழவும் ஒருவர்க்கு நாளில் சில நாழிகைகள் தமக்கென எஞ்ச வேண்டும். இல்வாழ்க்கை அதிகாரம் இல்லறத்தான் பேணவேண்டிய ஐவரை எண்ணும்போது முன்னோர், தெய்வம், விருந்து, சுற்றம் ஆகியவற்றோடு 'தான்' என்பதனையும் சேர்த்திருப்பது கருதத்தக்கது. பிறரைப் பேணுவது போலவே தன்னைப் பேணுவதும் அறமாகவே வைக்கப்பட்டுள்ளது.

குறள் உழைப்பை நல்வாழ்வுக்கு எதிரானதாகக் காணவில்லை. உழவு, ஆள்வினையுடைமை, மடியின்மை ஆகியவற்றுக்குத் தனி அதிகாரங்கள் உள்ளன. எனவே உழைப்பின்றி இருப்பதே நலம் என்னும் கருத்துக்கு இங்கு இடமில்லை. உழைத்தபின் எஞ்சுவது என்ன, அது யாருக்கு உரியது என்பதே ஆராயப்பட வேண்டிய வினா.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இவ்வினாவை நேரடியாக எழுப்பியவர். மனிதன் தன் ஆற்றல்களை முழுமையாகச் செயற்படுத்தி வாழ்வதனையே அவர் 'யூடைமோனியா' என்றார். உழைப்பின் நோக்கம் ஓய்வு என்றும் கருதினார். அவர் குறித்த ஓய்வு சோம்பியிருத்தல் அன்று. கற்றலுக்கும் நட்புக்கும் பொதுப்பணிக்கும் உரிய நேரம். ஆயினும் அவர் காட்டிய நல்வாழ்வு அடிமைகளின் உழைப்பின் மீது நின்றது. அடிமைகளுக்கு அவ்வாழ்வில் பங்கில்லை என்றே அவர் கொண்டார். ஒருவரது நிறைவாழ்வு மற்றொருவரது நேரத்தை எடுத்துக்கொண்டு அமையுமாயின் அதனை நல்வாழ்வு எனலாமா என்னும் ஐயம் இங்கு எழுகிறது. செங்கற்பட்டின் வரலாற்றைப் படிக்க இவ்வையம் துணைசெய்கிறது.

களம்: நெல்லின் பங்கு

ஆர்க்காட்டு நவாபிடமிருந்து 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற சாகீர் நிலப்பரப்பே பின்னர்ச் செங்கற்பட்டு மாவட்டமாயிற்று. தாமசு பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை இச்சாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அக்கணக்கெடுப்புக்கு அடிப்படையான ஊர்க்கணக்கு ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றுள் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டின் கணக்குகள் 2001இல் நூலாக வெளிவந்தன.

இக்கணக்குகள் காட்டும் ஊரில் விளைச்சல் வீட்டுக்குச் செல்லும் முன்னரே களத்தில் பங்கிடப்பட்டது. கோயில், ஏரி பராமரிப்பு, கணக்கர், தலையாரி, வெட்டியான், தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர் எனப் பலர்க்கும் பொலியிலிருந்து பங்கு உண்டு. அரசின் பங்கும் காணியாளரின் பங்கும் கணக்கிடப்படும் முன்பே சில பங்குகள் எடுத்துவைக்கப்பட்டன. இத்தகைய மரபுரிமைப் பங்குகள் 'மேரை' என்றும் 'சுதந்திரம்' என்றும் வழங்கின. பிற்காலத்தில் நாட்டு விடுதலையைக் குறித்த அதே சொல், செங்கற்பட்டுச் சீமையில் களத்து நெல்லில் ஒருவர்க்குள்ள மறுக்கப்படாத பங்கினைக் குறித்தது. உரிமையை அருவமான நிலையாகக் கொள்ளாமல் கையில் அளந்து வாங்கும் பொருளாகக் கொண்ட ஒரு சமூகத்தின் சிந்தனை இச்சொல்லில் பதிந்துள்ளது.

தரம்பால் போன்ற அறிஞர்கள் இவ்வேற்பாட்டில் தன்னிறைவு பெற்ற ஊர்ச் சமூகத்தைக் கண்டனர். அப்பார்வையில் உண்மை உண்டு. ஏரியைக் காப்பவரும், மரம் இழைப்பவரும், கணக்கெழுதுபவரும் பட்டினியின்றி வாழ ஊர் பொறுப்பேற்றது. ஆயினும் அப்பங்கீட்டில் அனைவரும் ஒரே நிலையில் இல்லை. நிலத்தின் மீது காணியாட்சி உரிமை கொண்ட காணியாளர் ஒருபுறமும், தலைமுறை தலைமுறையாக அவரது வயலில் உழைத்த படியாள் மறுபுறமும் இருந்தனர். படியாள் என்னும் பெயரே படியால் அளந்து தரப்பட்ட கூலியிலிருந்து வந்தது. படியாட்களில் பெரும்பான்மையோர் பறையர் சமூகத்தினர். காணியாளரின் பங்கும் படியாளின் பங்கும் ஒரே களத்தில் அளக்கப்பட்டன. முன்னவர்க்கு அது செல்வமும் ஓய்வும் தந்தது. பின்னவர்க்கு மறுநாள் உழைப்பதற்கான உணவைத் தந்தது. பின்னவர் வேறிடம் செல்லவோ வேறு தொழில் நாடவோ உரிமையற்றவராக வைக்கப்பட்டிருந்தார். அடிமை முறைக்குச் சட்ட ஏற்பு இல்லை என 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அறிவித்த பின்னரும் கடன் வழியாகவும் குடியிருப்பு வழியாகவும் இப்பிணைப்பு நீடித்தது.

களத்தில் கிடைத்த பங்கு பசியைத் தீர்த்தது. வாழ்க்கையைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமையைத் தரவில்லை. இதுவே முதற்கட்டத்தின் எல்லை.

காணி: நிலமும் மனையும்

இரண்டாம் கட்டம் 1891இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றிய ஜே. எச். ஏ. திரெமென்ஹீர் எழுதிய அறிக்கையோடு தொடங்குகிறது. செங்கற்பட்டுப் பறையர்களின் நிலை குறித்த அவ்வறிக்கை அவர்களது உணவு, உடை, கடன், குடியிருப்பு ஆகியவற்றை விரித்துரைத்தது. அதில் வலியுறுத்தப்பட்ட செய்திகளுள் ஒன்று மனை பற்றியது. உழைப்பவரின் குடிசை நின்ற மண்ணே நில உடைமையாளரின் ஆதிக்கத்தில் இருந்தது. கூலி குறித்து வாதிட்டாலோ வேறிடத்தில் வேலை தேடினாலோ குடியிருப்பையும் இழக்க நேரும் என்னும் அச்சம் அவர்களைக் கட்டிவைத்தது. எனவே அவர்களுக்கு விளைநிலமும் மனையும் வழங்கப்பட வேண்டும் என அவர் பரிந்துரைத்தார்.

சென்னை மாகாண அரசு 1892 செப்டம்பர் 30 அன்று பிறப்பித்த ஆணை இதன் விளைவாகும். ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கு ஒதுக்கப்பட்ட நிலத்தைப் பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடகுவைக்கவோ கூடாது, அதன்பின் கைமாற்றினாலும் அவ்வகுப்பினர்க்கே கைமாற்ற வேண்டும் என்னும் நிபந்தனைகளோடு நிலங்கள் வழங்கப்பட்டன. பின்னர் இவை பஞ்சமி நிலங்கள் என அறியப்பட்டன. அரசின் இந்நடவடிக்கையில் சீர்திருத்த நோக்கத்தோடு வருவாய் நோக்கமும் கலந்திருந்ததையும், நடைமுறையில் நில உடைமையாளரின் எதிர்ப்பு அதனைப் பெரிதும் முடக்கியதையும் யூஜின் இர்ஷிக், ரூபா விசுவநாத் ஆகியோரின் ஆய்வுகளைக் கொண்டு உணரலாம்.

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் இக்காலத்தின் முதன்மையான குரல். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய அவர், சென்னைச் சட்டமன்ற உறுப்பினராக 1924இல் கொண்டுவந்த தீர்மானம் பொதுச்சாலை, கிணறு, பொதுவிடங்கள் ஆகியவற்றை எல்லா வகுப்பினரும் பயன்படுத்தும் உரிமையை வலியுறுத்தியது. உணவும் நிலமும் மட்டுமின்றித் தடையின்றி நடமாடும் தன்மானமும் நல்வாழ்வின் கூறு என்னும் கருத்து இதனால் அரசின் ஆவணத்தில் இடம்பெற்றது.

நிலத்தின் மீதான கோரிக்கை அக்காலத்தோடு முடிந்துவிடவில்லை. மாமல்லபுரத்தை அடுத்த காரணை என்னும் ஊரில் கைமாறிப்போன பஞ்சமி நிலத்தை மீட்க 1994இல் போராட்டம் எழுந்தது. அதன் தொடர்ச்சியாக அவ்வாண்டு அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். நூறாண்டுக்கு முன் வழங்கப்பட்ட நிலத்துக்காக மக்கள் உயிர் துறந்த அதே பத்தாண்டில்தான் இவ்வட்டாரத்தின் பிறிதொரு பகுதியில் மகிழுந்து ஆலைகள் எழத் தொடங்கின.

காலம்: ஆலை நேரத்தின் வரலாறு

ஆலையில் பங்கு என்பது நெல்லாகவோ நிலமாகவோ அமைய இயலாது. உழைப்பவர் அங்குத் தம் நேரத்தை விற்கிறார். எனவே எவ்வளவு நேரம் என்பதே நல்வாழ்வின் அளவாகிறது. இம்மாற்றத்தைச் செங்கற்பட்டு வட்டாரம் முதலில் எதிர்கொண்டது அதன் அண்டை நகரான சென்னையில் ஆகும்.

சென்னைப் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரை உறுப்பினராகக் கொண்டு 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி. பி. வாடியா அதன் தலைவரானார், திரு. வி. கலியாணசுந்தரனார் அதில் பெரும்பங்கு கொண்டார். அச்சங்கம் தொடக்கத்திலேயே எழுப்பிய கோரிக்கைகளுள் ஒன்று, நண்பகல் உணவுக்கான இடைவேளையை நீட்டிக்க வேண்டும் என்பது. இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கத்தில் இடம்பெற்ற இக்கோரிக்கை, அமர்ந்து உண்பதற்கான சில நிமிடங்களைக் குறித்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1923 மே முதல் நாள் ம. சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாள் கூட்டங்களை நடத்தினார்.

சட்டத்தில் வேலைநேரம் குறைந்துவந்த வரலாறு மெதுவானது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் வயதுவந்த ஆடவர்க்கு நாளொன்றுக்கு 12 மணிநேரம் என வரம்பிட்டது. 1922ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நாளுக்கு 11 மணி, வாரத்துக்கு 60 மணி எனவும், 1934ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி எனவும் குறைத்தன. பி. ஆர். அம்பேத்கர் வைசிராய் அவையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த காலத்தில் (1942–1946) முன்னெடுக்கப்பட்ட முயற்சியின் பயனாக 1946இல் வாரத்துக்கு 48 மணி என்னும் வரம்பு சட்டமாயிற்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அதனை நாளுக்கு 9 மணி என்னும் வரம்போடு நிலைப்படுத்தியது. 12 மணியிலிருந்து 9 மணிக்கு வர முப்பத்தைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன.

தொழில் வழித்தடத்தின் எழுச்சி

தமிழ்நாடு அரசு 1971இல் நிறுவிய சிப்காட் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய இடங்களில் தொழிற்பூங்காக்களை அமைத்தது. 1995இல் மகிந்திராவுடன் கூட்டாக வந்த ஃபோர்டு நிறுவனம் மறைமலை நகரிலும், 1996இல் தொடங்கப்பட்ட ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையிலும் ஆலைகளை எழுப்பின. சிங்கப்பெருமாள் கோவிலை அடுத்து மகிந்திரா வேர்ல்டு சிட்டி 2002இல் தொடங்கப்பட்டது. திருப்பெரும்புதூரில் நோக்கியா 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது.

இம்மாற்றம் தந்த நன்மைகளைக் குறைத்து மதிப்பிடுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. மாதந்தோறும் வங்கிக் கணக்கில் சேரும் ஊதியம், வருங்கால வைப்புநிதி, ஈ.எஸ்.ஐ. மருத்துவம் ஆகியன படியால் அளந்த கூலியில் வாழ்ந்தோரின் வழித்தோன்றல்கள் பலருக்கு முதன்முறையாகக் கிடைத்தன. ஊரின் சாதிப் படிநிலைக்கு வெளியே, நிறுவனப் பேருந்தில் அனைவரும் அருகருகே அமர்ந்து செல்லும் ஒரு வாழ்க்கை உருவாயிற்று. நிலத்தை இழந்தோரும் உண்டு. 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின்கீழ் நிலங்கள் எடுக்கப்பட்டபோது இழப்பீடு பெரிதும் பட்டாவைப் பின்பற்றியே சென்றது. பட்டா இல்லாமல் அந்நிலத்தில் உழைத்துவந்தோர்க்குக் களத்துப் பங்கும் நின்றது; காணியும் கிடைக்கவில்லை. அவர்தம் பிள்ளைகள் ஆலை வாயிலில் நின்றது விருப்பத்தால் மட்டும் அன்று.

இவ்விடத்தில் காலம் என்பதனை இரு பொருளில் கொள்ள வேண்டும். ஒன்று நாளின் நேரம். மற்றொன்று ஆயுளின் நேரம்.

நாளின் நேரம் குறித்த வினா 2023இல் சட்டமன்றத்துக்கே வந்தது. நாளுக்கு 12 மணிநேரம் வரை வேலைவாங்க வழிசெய்யும் தொழிற்சாலைகள் (தமிழ்நாடு திருத்தம்) முன்வரைவு அவ்வாண்டு ஏப்ரல் 21 அன்று நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி என்னும் வரம்பு மாறாது, தொழிலாளர் நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வு பெறலாம் என்பது அரசுத் தரப்பின் விளக்கம். போக்குவரத்து நேரத்தையும் சேர்த்தால் வேலைநாளில் உறக்கம் தவிர வேறெதற்கும் இடமிராது என்பது தொழிற்சங்கங்களின் மறுப்பு. கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்த நிலையில் ஏப்ரல் 24 அன்று அது நிறுத்திவைக்கப்பட்டது. மே முதல் நாள் சென்னை மே நாள் பூங்காவில் முதலமைச்சர் அதனைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலரின் மே நாள் கூட்டம் நடந்து சரியாக நூறாண்டு நிறைந்த நாள் அது. 1911இல் உச்சவரம்பாக வைக்கப்பட்ட 12 மணி, 2023இல் நெகிழ்வு என்னும் பெயரில் மீண்டும் வந்து நின்றது.

பெண்களின் நாள் இன்னும் நெருக்கமானது. பெண்கள் இரவில் ஆலைப்பணி செய்வதைத் தடுத்த தொழிற்சாலைகள் சட்டப் பிரிவினைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000இல் செல்லாது என அறிவித்து, பாதுகாப்பு நிபந்தனைகளோடு அனுமதித்தது. சமத்துவ நோக்கில் அது ஒரு முன்னேற்றம். ஆனால் வீட்டின் நேரப் பங்கீடு அதற்கேற்ப மாறவில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிடுகின்றனர். ஆலையில் எட்டு மணிநேரம் உழைத்துத் திரும்பும் பெண்ணுக்குக் குறள் சொல்லும் ஐவருள் 'தான்' என்பதற்கு எஞ்சும் நேரம் எவ்வளவு என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

ஆயுளின் நேரம் குறித்த வினாவை நோக்கியா எழுப்பியது. உச்சநிலையில் சுமார் 8,000 பேர்க்கு நேரடி வேலை தந்த அவ்வாலை 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. அங்குப் பணியாற்றியோரில் பெரும்பகுதியினர் இளம்பெண்கள். மறைமலை நகர் ஃபோர்டு ஆலையும் 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. களத்துப் பங்கு தலைமுறைக்கும் உரியதாக இருந்தது. காணி பிள்ளைக்குச் சென்றது. ஆலைவேலையோ ஒருவரது இருபதுகளில் தொடங்கி முப்பதுகளுக்குள் முடிந்துவிடக்கூடும். ஒப்பந்தத் தொழிலாளர்க்கும் பயிற்சியாளர்க்கும் அவ்வளவு கூட உறுதியில்லை. திருமணம், மக்கட்பேறு, வீடு, முதுமை ஆகியவற்றைத் திட்டமிட உதவாத ஊதியம் உயர்ந்ததாயினும் அது வாழ்க்கையின் ஒரு பருவத்துக்கே உரியதாகிறது.

மனையும் படுக்கையும்

திரெமென்ஹீர் சுட்டிய மனைச் சிக்கல் புதிய வடிவில் திரும்பியதையும் காணவேண்டும். வெளியூர்களிலிருந்து வரும் பெண் தொழிலாளர்கள் விடுதிகளில் தங்குகின்றனர். வேலையும் உறைவிடமும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் இவ்வமைப்பில் விடுதியின் குறைகள் தொழிலின் குறைகளாகவே மாறுகின்றன. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவம் பெற நேர்ந்தது. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்தனர். ஆலை சில வாரங்கள் மூடிக்கிடந்தது. இரட்டைமலை சீனிவாசன் நடக்கும் உரிமை கேட்ட பொதுச்சாலையில், நூறாண்டுக்குப் பின் இளம்பெண்கள் நல்ல உணவையும் உறைவிடத்தையும் கேட்டு அமர்ந்தனர்.

அதன்பின் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 படுக்கைகள் கொண்ட மகளிர் குடியிருப்பைச் சிப்காட் அமைத்தது. 2024 ஆகஸ்ட் 17 அன்று அது திறக்கப்பட்டது. வசதியில் இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் படுக்கை வேறு, மனை வேறு. படுக்கை உழைப்பவருக்கு உரியது. மனை உழைப்பவரின் பெற்றோர்க்கும் பிள்ளைக்கும் விருந்தினர்க்கும் சேர்த்து உரியது. 1891இல் எழுந்த கேள்வியின் முதற்பாதிக்கே இதில் விடை கிடைத்துள்ளது.

இத்தொடரில் அண்மைய நிகழ்வு சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையின் வேலைநிறுத்தம். 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள்கள் நடந்த அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். ஊதியம், வேலைநேரம் ஆகியவற்றோடு சங்கத்துக்கான ஏற்பும் கோரப்பட்டது. சங்கம் 2025 சனவரி 27 அன்று பதிவு பெற்றது. ஊதிய உயர்வை மட்டும் நாடியிருந்தால் சங்கப் பதிவு மையக் கோரிக்கையாகி இருக்காது. தம் வேலைவாழ்வைத் தீர்மானிக்கும் பேச்சில் தமக்கும் பங்கு வேண்டும் என்பதே அதன் உட்பொருள். களத்தில் மறுக்கப்படாத பங்கைக் குறித்த 'சுதந்திரம்' என்னும் பழஞ்சொல் இங்கு மீண்டும் பொருள் பெறுகிறது. கையிலுள்ள பொருளின் அளவை விட, தாம் மதிக்கும் வாழ்வைத் தேர்ந்தெடுக்கும் இயலுமையே வளர்ச்சி என 1999இல் அமர்த்தியா சென் வாதிட்டதும் இதனோடு ஒத்துச் செல்கிறது.

நல்லதைப் பங்கிடும் மரபு

இவ்வழித்தடத்தின் மறுமுனையான திருப்பெரும்புதூரில் இராமானுசர் 1017இல் பிறந்தார் என்பது மரபு. திருக்கோட்டியூரில் ஆசிரியர் மறையாக உபதேசித்த மந்திரத்தை அனைவரும் அறியுமாறு அவர் வெளிப்படுத்தினார் எனக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. அந்நிகழ்வின் வரலாற்றுத்தன்மை விவாதத்துக்குரியது. ஆயினும் இம்மண்ணின் நினைவில் அது நிலைத்திருப்பதன் பொருள் தெளிவானது. நல்லது என ஒன்று உண்டாயின் அது சிலரிடம் அடைபட்டிருத்தலாகாது என்பதே அப்பொருள். மறைமலை நகருக்குப் பெயர் தந்த மறைமலை அடிகளும் மக்கள் நூறாண்டு உயிர்வாழும் வழிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அளவான உணவு, உறக்கம், உழைப்பு, ஓய்வு ஆகியவற்றை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் வாய்ப்பு ஒருவர்க்கு இருந்தாலன்றி அத்தகைய அறிவுரை பயன்படாது. அவர் பெயரைத் தாங்கிய நகரில் சுழல்முறை இரவுப்பணி செய்வோர்க்கு அவ்வாய்ப்பு எவ்வளவு உண்டு என்பது எதிர்கால ஆய்வுக்குரிய வினா.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

செங்கற்பட்டு வட்டாரத்தில் நல்வாழ்வுக்கான கோரிக்கை எக்காலத்திலும் பங்குக்கான கோரிக்கையாகவே எழுந்துள்ளது. அப்பங்கு பதினெட்டாம் நூற்றாண்டில் களத்திலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் காணியிலும், ஆலைத்தொழில் வந்தபின் காலத்திலும் தேடப்பட்டது.

ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தின் கோரிக்கையை முழுமையாக நிறைவேற்றாமலே அடுத்ததற்கு நகர்ந்தது. களத்துப் பங்கில் சமத்துவம் வரும் முன்னரே களம் மறைந்தது. பஞ்சமி நிலம் உரியவரிடம் சேரும் முன்னரே நிலத்தின் பயன்பாடு மாறியது. 48 மணி வரம்பு எல்லாத் தொழிலாளர்க்கும் நடைமுறையாகும் முன்னரே அதன் நாள்வரம்பை நெகிழ்த்தும் முயற்சிகள் தொடங்கின. இதனால் இன்றைய ஆலைத் தொழிலாளர் ஊதியத்தில் முன்னோரைவிட உயர்ந்தும், ஆயுளின் உறுதியில் அவ்வாறு உயராமலும் உள்ளனர்.

நல்வாழ்வை அளக்க ஊதியமும் வேலைவாய்ப்பு எண்ணிக்கையும் போதா. ஒருவர்க்குத் தன் நாளில் எத்தனை மணிநேரம் தன் விருப்பப்படி அமைகிறது, தன் வேலை எத்தனை ஆண்டு நிலைக்கும் என்னும் உறுதி உண்டா, தன் உறைவிடத்தில் குடும்பத்தோடு வாழ இயலுமா, தன் வேலையின் விதிகளை வகுப்பதில் தனக்குக் குரல் உண்டா என்னும் நான்கு அளவுகோல்களையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். விருந்தும் சுற்றமும் மக்களும் கேள்வியும் நட்பும் நிறைந்த வாழ்வைத் தமிழ் மரபு நல்வாழ்வாகக் காட்டியது. அவ்வாழ்வை நடத்துவதற்கான நேரத்தைச் சிலர்க்கே தந்த பழைய ஊரின் குறையை, புதிய ஆலையும் இன்னும் முழுதாகத் தீர்க்கவில்லை.

இவ்வட்டாரத்தின் முதல் தலைமுறை ஆலைத் தொழிலாளர் இப்போது பணி ஓய்வை நெருங்குகின்றனர். களத்தையும் ஆலையையும் ஒரே ஆயுளில் கண்ட அவர்களது வாய்மொழி வரலாறு தொகுக்கப்படுமாயின், நல்வாழ்வைப் பற்றிய அடுத்தகட்ட ஆய்வுக்கு அதுவே முதன்மைச் சான்றாக அமையும்.